பொள்ளாச்சி–வால்பாறை சாலை: ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் கவனம்

மாநில நெடுஞ்சாலை 78. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 65 கி.மீ. ஆழியாறு அணை வரை தென்னந்தோப்புச் சமவெளி. சோதனைச் சாவடி தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும் முன் இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) எடுத்து, பொள்ளாச்சியிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.

1890களில் இங்கே தோட்டங்கள் உருவாகத் தொடங்கின. தேயிலையும் காப்பியும் கீழே இறங்க ஒரு வழி வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்த சாலை இது. இதை அமைத்த லோம் என்ற பொறியாளரின் பெயரில்தான் 9ஆவது வளைவின் காட்சிமுனை இருக்கிறது. அணை முழுதாகக் கண்ணில் விழும் இடம் அது. காலையில் போனால் தடுப்புச் சுவரை ஒட்டி வரையாடுகள் மேயும். வண்டியை வளைவிலேயே நிறுத்தாமல், ஒதுக்கிடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

வளைவுகளுக்கு எண் பலகை இருப்பது பெரிய வசதி. பஸ்ஸும் லாரியும் திரும்ப வளைவின் முழு அகலமும் வேண்டும். எனவே எதிரே பஸ் தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி.

இறங்கும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். மைலேஜுக்காக நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஏறிய கியரிலேயே, அதாவது இரண்டாவதில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'எல்' (குறைந்த கியர்) அல்லது மேனுவல் நிலை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு; அதை இந்தச் சாலைக்குச் சிபாரிசு செய்யமாட்டோம். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

அட்டகட்டிக்கு மேலே, குறிப்பாகக் கவர்கல் பக்கம், தென்மேற்குப் பருவமழையில் பனிமூட்டம் சாலையையே மறைக்கும். ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், லோபீம் போதும். புதுத்தோட்டம் அருகே சோலைமந்திகள் கடக்க, சாலைக்கு மேல் மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அங்கே வேகத்தைக் குறையுங்கள், தீனி போடாதீர்கள். தீனிக்குப் பழகியவை கீழே இறங்கி வண்டியில் அடிபடுகின்றன.

திரும்பும்போது மளுக்குப்பாறை, அதிரப்பள்ளி வழியாகக் கேரளத்தின் சாலக்குடி போக நினைத்தால் காலையிலேயே கிளம்புங்கள். காட்டுச் சாவடிகளை மாலையில் மூடிவிடுவார்கள்.