வளர்ப்புப் பெற்றோருக்கான எட்டு வாரப் பயிற்சி: மூளைப் படத்துக்காக இல்லை, அந்தக் குழுவுக்காகப் போங்கள்

பெற்ற வீட்டில் இருக்க முடியாமல் போன பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கான பயிற்சி இது. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு மாலை, கூடவே அவசரத்துக்கு ஒரு உதவி எண், அப்புறம் வளர்ப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசும் ஒரு குழு. பெயரிலேயே ட்ராமா, அதாவது மனதில் ஆறாமல் நிற்கும் காயம், என்ற சொல் இருந்ததால் கொஞ்சம் சலிப்போடுதான் சேர்ந்தேன், இப்போதெல்லாம் அந்தச் சொல் இல்லாத துண்டறிக்கையே கிடையாது. எங்களிடம் ஒரு பையன் இரண்டு வருடமாக இருக்கிறான். அவனைப் பற்றித் தேவைக்கு மேல் எழுத மாட்டேன். அது அவன் கதை, பெரியவனானதும் அவனுக்கு வேண்டுமென்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

முதல் இரண்டு வாரம் கொட்டாவிதான். பயத்தை உணரும் மூளைப் பகுதியான அமிக்டலா, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால், பயத்தில் சண்டை போடுதல், ஓடுதல், உறைந்து போதல் என்று படம் மேல் படம். தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் முந்தின இரவு இரண்டு மணி நேரம் கதவை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளையோடு விழித்திருந்துவிட்டு வருகிறவருக்கு மூளையின் குறுக்குவெட்டுப் படத்தை வைத்து என்ன செய்ய? இன்னொரு விஷயம் நிஜமாகவே உறுத்தியது. சிறுவயதில் பட்ட துன்பங்களையும் பிற்கால உடல்நலத்தையும் இணைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு, மொத்தம் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் கேட்டார்கள், முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. அதன் கேள்விப் பட்டியலைக் கையில் கொடுத்து, உங்கள் பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண் என்று கூட்டிப் பாருங்கள் என்றார்கள். அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே, தனி ஒரு ஆளின் எதிர்காலத்தை இந்த மதிப்பெண்ணை வைத்து எடை போடக் கூடாது என்று 2020இல் எழுதியிருக்கிறார். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கூட்டிப் பார்த்துவிட்டு முகம் செத்துப் போய் உட்கார்ந்திருந்தார். இதை எடுத்துவிட்டால் பயிற்சிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மூன்றாம் வாரம்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குழந்தை மனநல மருத்துவர் புரூஸ் பெர்ரி சொல்லும் வரிசை ஒன்றை எடுத்தார்கள்: முதலில் உடம்பு அடங்க வேண்டும், அப்புறம் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்ற உணர்வு வர வேண்டும், நியாயம் பேசுவது அதற்கும் பிறகுதான். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நான் இரண்டு வருடமாக இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். அவன் கத்த ஆரம்பித்ததும் "ஏன் இப்படிப் பண்றே, சொல்லு" என்று விசாரணை. அந்த நேரத்தில் அவனுக்கு அந்த 'ஏன்' காதில் ஏறவே ஏறாது. சுவரில் ஒட்டியிருந்த நட்சத்திர அட்டையும் அன்று இரவே கிழிந்தது, கிழித்தது நான்தான். நல்லபடி நடந்தால் ஒரு நட்சத்திரம், இல்லாவிட்டால் கிடையாது என்பது பல பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கலாம். எப்படியும் ஒரு நாள் என்னை அனுப்பிவிடுவார்கள் என்று ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிற பிள்ளைக்கு, கிடைக்காமல் போன ஒவ்வொரு நட்சத்திரமும் அதற்கு ஒரு சாட்சி. தனியாக மூலையில் உட்கார வைப்பதும் அப்படித்தான். அவனைத் தனியே விடாமல் நாமும் கூடவே உட்கார வேண்டும், பேசாமல்.

சாப்பாட்டைப் பதுக்கும் பழக்கம் பற்றி ஒரு முழு மாலை பேசினார்கள், எட்டு வாரத்தில் சிறந்த மாலை அது. தலையணை உறைக்குள், பள்ளிப் பையின் அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று எங்கெங்கோ எடுத்திருக்கிறேன். திருட்டு என்று நினைத்து ஒருமுறை சமையலறைக் கதவைப் பூட்டினேன், அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பயிற்சியில் சொன்னது இதுதான்: அவன் பெயர் எழுதிய ஒரு பெட்டி, அவன் கைக்கு எட்டும் இடத்தில், பூட்டு கிடையாது, காலியானால் கேள்வி கேட்காமல் நிரப்ப வேண்டும். முதல் வாரத்தில் பெட்டி ஒரே நாளில் மூன்று தடவை காலியானது, ஐயோ இது வேலைக்கு ஆகாது என்று நினைத்தேன். பதுக்குவது குறைய மூன்று மாதம் ஆனது. இப்போதும் சில நாள் பதுக்குகிறான், பெற்ற அம்மாவைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் முக்கியமாக. அந்தச் சந்திப்புக்குப் பிறகு பிள்ளை குலைந்து போகிறான் என்பதை மட்டும் வைத்துச் சந்திப்பையே நிறுத்தச் சொல்லாதீர்கள், பிரிவு வலிப்பதும் அப்படித்தான் வெளியே வரும் என்று பயிற்றுநர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் சரிதான்.

அந்தப் பயிற்றுநர் ஐந்தாம் வாரம் வரவில்லை. ஆறாம் வாரம் வேறொருவர் வந்து, முன்னவர் வேலையை விட்டுவிட்டார் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார். பிள்ளையின் வாழ்க்கையில் ஆட்கள் சொல்லாமல் மறையக் கூடாது, போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள்! அறையில் பாதிப் பேர் சிரித்துவிட்டோம், வேறென்ன செய்வது.

புதியவர் ஒரு நல்ல காரியம் செய்தார். வளர்ப்பவர்களின் மனம் அடைத்துப் போவதைப் பற்றிப் பேச வைத்தார். அன்பு காட்டிக் காட்டி ஒன்றும் திரும்பி வராதபோது, நாளாக ஆக நம் உடம்பே பின்வாங்கிக்கொள்ளும், வேலையெல்லாம் நடக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. டான் ஹியூஸ், ஜோனதன் பேலின் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்குப் பெயர் முக்கியமில்லை. இன்று அவன் தூங்கின பிறகுதான் எனக்கு அவனைப் பிடிக்கிறது என்று ஒருவர் சொன்னார், யாரும் அதிர்ச்சி அடையவில்லை, மூன்று பேர் தலையாட்டினார்கள். சமூகப் பணியாளரிடம் இதைச் சொல்ல முடியுமா? சொன்னால் கோப்பில் ஏறிவிடும் என்று பயம்.

குழுவில் ஒரு பாட்டி இருந்தார், சொந்த மகளின் பிள்ளைகளை வளர்க்கிறவர். பாட அட்டைகள் எல்லாமே முன்பின் தெரியாத பிள்ளையை ஏற்றுக்கொண்டவர்களை மனதில் வைத்து எழுதியவை. "நான் பேரனுக்காக அழவா, மகளுக்காக அழவா, அவளை வீட்டுக்குள் விடாதே என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார்களே" என்று கேட்டார். பதில் இல்லை. உறவுக்குள்ளேயே பிள்ளை வளர்ப்பவர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது இது பெரிய ஓட்டை.

உதவி எண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்த நேரமும் என்று போட்டிருக்கிறது. ஒரு ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு அழைத்தேன், அலுவலக நேரத்தில் அழைக்கச் சொல்லும் பதிவுக் குரல். பிள்ளை அலுவலக நேரம் பார்த்தா உடைகிறான்? புகார் எழுதியிருக்கிறேன். ஆசிரியர்களுக்கு என்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், எங்கள் பள்ளியிலிருந்து யாரும் வரவில்லை, அதில் இவர்கள் தப்பு பாதிதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சேருகிறவர்கள் முதலிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: எட்டு வாரமும் ஒரே ஆள்தான் வருவாரா, இரவில் அந்த எண்ணை எடுப்பது யார்? பயிற்சி முடிந்ததும் குழுவையும் கலைத்துவிடுகிறார்கள், ஏன் என்று புரியவில்லை. நாங்கள் நான்கு பேர், அந்தப் பாட்டியையும் சேர்த்து, எண்களை வாங்கிக்கொண்டோம். வரும் வியாழன் அவர் வீட்டில் கூடுகிறோம்.