மேலமாசி வீதி இல்லாத 'காந்தி'

அட்டன்பரோவின் 'காந்தி' படத்தை நான் முதலில் பார்த்தது வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். அகலத்திரைக்காக எடுத்த படத்தைப் பெட்டி டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். இறுதி ஊர்வலத்தில் உடலை ஏற்றிய வண்டி தெரிந்தது, ஜனம் தெரியவில்லை. போன மாதம் அதையே புளூரே வட்டில், அப்பாவையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு ராத்திரியாகப் பார்த்தேன். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் பிறந்தவர். இதில் நான் எழுதப்போகும் குறைகளில் பாதி அவர் சொன்னவை.

முதலில் வட்டைப் பற்றி. இந்தப் படத்துக்கு வீட்டில் நியாயம் செய்ய வேண்டுமென்றால் புளூரேக்குக் குறைந்து எதுவும் வேண்டாம். ஊர்வலக் காட்சியை 1981 ஜனவரி 31 அன்று, அசல் ஊர்வலம் நடந்து சரியாக 33 வருடம் கழித்து, டெல்லி ராஜபாதையில் எடுத்தார்கள். கூடியவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். கணினியில் ஆளைப் பெருக்கும் வித்தை வராத காலம், அத்தனையும் நிஜ மனிதர்கள். இப்போது ஓரத்தில் நிற்பவர்களின் முகம்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. கதர் துணியின் முரட்டு இழை தெரிகிறது. உடைக்காக பானு அதையா ஆஸ்கர் வாங்கினார், இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. கேசட்டில் பார்த்தபோது எல்லாமே வெறும் வெள்ளைத் துணி. இப்போதுதான் அந்த அம்மாவின் வேலை என்னவென்று புரிந்தது.

பென் கிங்ஸ்லியைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதியாகிவிட்டது. நான் ஒன்றுதான் சொல்ல வேண்டும். 1893இல் ரயிலிலிருந்து தள்ளப்படும் 23 வயது வக்கீலும், கடைசியில் பிரார்த்தனைக்கு நடந்து போகும் 78 வயதுக் கிழவரும் ஒரே ஆள் என்று நம்ப முடிகிறது. அதற்கு ஒப்பனை மட்டும் காரணமில்லை. வயது ஏற ஏற நடை சுருங்குகிறது, குரல் இறங்குகிறது, கண்ணில் இருக்கும் குறும்பு மட்டும் அப்படியே நிற்கிறது. நேரு அட்டன்பரோவிடம், காந்தியைத் தெய்வமாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். கழிப்பறை சுத்தம் செய்ய மறுக்கும் கஸ்தூர்பாவைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போகும் காட்சியில் அந்த வார்த்தை காப்பாற்றப்பட்டிருக்கிறது. ரோகிணி ஹத்தங்கடியின் முகத்தைப் பார்த்து என் மகள், "இவர் ஏன் இப்படிப் பண்றாரு?" என்று கோபப்பட்டாள். படம் அங்கே ஜெயித்துவிட்டது.

ஜாலியன்வாலா பாக் காட்சியைவிட அதற்கு அடுத்து வரும் விசாரணைக் காட்சிதான் என்னை அதிகம் உலுக்கியது. கூட்டத்தைச் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயராக வரும் எட்வர்ட் ஃபாக்ஸ் குரலை உயர்த்துவதே இல்லை. 1650 தோட்டாக்கள் சுட்ட கணக்கு பேசப்படுகிறது. காயம்பட்ட குழந்தை எப்படி உதவி கேட்டு வரும் என்று ஒருவர் கேட்கிறார். அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அங்கே வட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். தியேட்டரில் அது முடியாது.

சரி, ஆற்றங்கரைக் காட்சிக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி நாட்டைச் சுற்றிப் பார்க்கும் காந்தி, ஆற்றில் முகம் கழுவுகிறார். எதிரே உடம்பை மூடப் போதுமான துணி இல்லாத ஒரு பெண். தன் வெள்ளைத் துணியைத் தண்ணீரில் விடுகிறார், அது மிதந்து மிதந்து அவளிடம் போகிறது. அழகான காட்சி, எனக்கும் கண் கலங்கியது. அப்பா மட்டும், "மதுரை எங்கப்பா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். காந்தி மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைவேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. முதலில் அக்டோபர் கடைசி வரை என்றுதான் அறிவித்தார், பிறகு சாகும்வரை மாறவே இல்லை. அந்த உடையோடு முதலில் ஜனங்களிடம் பேசிய இடம் இன்றும் எங்கள் ஊரில் காந்தி பொட்டல்தான். மிதக்கும் துணியைவிட, ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் சட்டையில்லாமல் வெளியே வரும் ஒரு மனிதர் எவ்வளவு பெரிய காட்சி! கையில் இருந்ததை விட்டுவிட்டார்கள்.

தெற்கு மொத்தமுமே இப்படித்தான் விடுபடுகிறது. விசாரணையில்லாமல் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கக் கடையடைப்பு என்ற யோசனை 1919 மார்ச்சில் சென்னையில், ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோது, அரைத்தூக்கத்தில் வந்தது என்று காந்தியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். படத்தில் அது ஜின்னா வீட்டுக் கூடத்தில் தேநீர்த் தட்டோடு நடக்கிறது. ராஜாஜி என்று ஒரு பாத்திரமே இல்லை. தென்னாப்பிரிக்கப் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்கள் நடக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் தமிழர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. சிறையில் நோயுற்று வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம். மூன்று மணி பதினோரு நிமிடப் படம் இது.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை அம்பேத்கர். இதை ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. படம் உண்ணாவிரதங்களை விரும்பிக் காட்டுகிறது. காவல் நிலையத்தைக் கூட்டம் எரித்த சௌரி சௌரா சம்பவத்துக்குப் பின் ஒன்று, கல்கத்தா கலவரத்தின்போது ஒன்று. 1932இல் எரவாடா சிறையில், தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி தருவதற்கு எதிராக இருந்த உண்ணாவிரதம் மட்டும் இல்லை. அதை முடித்துவைத்த, அம்பேத்கர் கையெழுத்திட்ட பூனா ஒப்பந்தம் இல்லை. வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போவதைக் காட்டுகிறார்கள், அதே மாநாட்டில் உட்கார்ந்திருந்த அம்பேத்கரைக் காட்டவில்லை. எல்லாத் தரப்பும் காந்தி முன் கரைந்துபோவதாகவே படம் நகர்கிறது. கரையாத ஒருவர் எதிரே நின்றிருந்தால் கிங்ஸ்லிக்கு இன்னும் பெரிய சவால் கிடைத்திருக்கும், படத்துக்கும் எலும்பு கூடியிருக்கும். ஜின்னாவை விறைப்பான கோட்டுக்குள் அடைத்துவிட்டதும் இதே குறையின் இன்னொரு முனைதான்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டன்பரோவே பேசும் வர்ணனைத் தடம் உள்ள பதிப்பைத் தேடுங்கள். 1962இல் மோதிலால் கோத்தாரி என்ற லண்டன் இந்தியர் போன் செய்து ஆரம்பித்த வேலை, முடிய இருபது வருடம் ஆயிற்று. அட்டன்பரோவின் குரலைக் கேட்டபடி படத்தை இன்னொரு முறை பார்ப்பது தனி அனுபவம். என்னிடம் இருக்கும் பதிப்பில் தமிழ் ஒலித்தடம் இல்லை. அப்பாவுக்காக அடிக்கடி நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. படத்திலேயே இடைவேளை இருக்கிறது, அங்கே நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். அப்புறம், உப்புச் சத்தியாகிரகத்தின் தராசனா உப்பளக் காட்சி வரும்போது ஒலியைக் குறைக்காதீர்கள். வரிசை வரிசையாக ஆட்கள் நடந்து வருகிறார்கள், லத்தி விழுகிறது, விழுந்தவர்களைப் பெண்கள் இழுத்துப் போகிறார்கள், அடுத்த வரிசை வருகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா எதுவும் சொல்லாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.