ஃபிளஷ் டிரா: கால் பண்ணலாமா, ஆல்-இன் போகலாமா?

போக்கர் ஆட்டம். கையில் ஹார்ட் ஜாக்கியும் ஹார்ட் 10-ம். ஃபிளாப்பில், அதாவது மேஜையில் முதலில் விரிக்கும் மூன்று பொதுக் கார்டில், ஹார்ட் ராஜா, ஹார்ட் 7, கிளாவர் 4. இன்னும் ஒரு ஹார்ட் விழுந்தால் ஃபிளஷ், அதாவது ஒரே ஜாதிக் கார்டு ஐந்து; அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கும் கைதான் ஃபிளஷ் டிரா. நடுவில் சேர்ந்த பணயமான பாட்-இல் 100 சிப்ஸ், எதிராளி 50 பெட் வைக்கிறார், அந்த பெட்டுக்கு முன்னால் இருவரிடமும் தலா 300 இருந்தது. ஃபோல்ட் பண்ணினால், அதாவது கையைப் போட்டுவிட்டு விலகினால், வரவும் இல்லை செலவும் இல்லை, அதை ஒரு அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்வோம். உண்மையான போட்டி காலுக்கும் (அவர் வைத்த அளவே நாமும் போடுவது) ஆல்-இன்னுக்கும்தான் (இருக்கிற சிப்ஸ் எல்லாவற்றையும் தள்ளுவது).

பலரும் கண்ணை மூடிக்கொண்டு கால் பண்ணுகிறார்கள். "50 போட்டு 150-ஐப் பிடிக்கப் போகிறோம், 25 சதவீதம் இருந்தால் போதும், ஃபிளஷ் டிராவுக்கு 35 இருக்கிறதே" என்பது அவர்கள் வாதம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஆடினேன். இரண்டு எண்ணும் சரி, ஆனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. 35 என்பது இனி வரும் நான்காவது, ஐந்தாவது பொதுக் கார்டான டர்ன், ரிவர் இரண்டையும் பார்க்கிறவருக்கு உள்ள வாய்ப்பு, அந்த 50-க்கு நமக்குக் கிடைப்பதோ டர்ன் கார்டு ஒன்றுதான்.

நாம் பார்க்காத கார்டு 47, அதில் ஹார்ட் 9. ஆக டர்னில் விழும் வாய்ப்பு 19 சதவீதம். இதே கையை 47 தடவை ஆடினால் 9 தடவை 150 வரும், 38 தடவை 50 போகும். வரவு 1350, செலவு 1900, கைக்குக் கிட்டத்தட்ட 12 சிப்ஸ் நஷ்டம். டர்னில் விழவில்லை என்றால் எதிராளி சும்மா விடுவாரா? பாட் 200, மறுபடி பாதியாக 100 வைப்பார், திரும்பவும் 25 சதவீதம் வேண்டும், நம்மிடம் 46-க்கு 9, அதாவது 20-கூட இல்லை. ஃபோல்ட். 35-ஐ நம்பி உள்ளே போனவர் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார்.

இந்தக் கால் தேற வேண்டுமானால், ஹார்ட் விழுந்த பிறகு அவரிடமிருந்து சராசரியாக இன்னும் 61 சிப்ஸ் வாங்க வேண்டும். மூன்றாவது ஹார்ட் மேஜையில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கும்போது, அதைப் பார்த்தும் பணம் போடுகிற ஆளாக இருந்தால்தான் அது நடக்கும்.

சரி, ஆல்-இன்? 300-ஐயும் தள்ளிவிட்டால் இரண்டு கார்டும் நமக்குச் சொந்தம், நடுவில் யாரும் விரட்ட முடியாது. பாதியில் நின்ற ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654-இல் கணித மேதைகளான பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதத்தில் அலசிய கணக்குதான் இது, அதனாலேயே எனக்கு இதில் தனிப் பிரியம். அவர் கால் பண்ணினால் பாட் 700, அதில் 35 சதவீதம் 245, போட்டது 300, நஷ்டம் 55. ஃபோல்ட் பண்ணினால் அந்த நிமிடமே 150 லாபம். 100-க்கு 27 தடவை அவர் ஃபோல்ட் பண்ணினால் சரிக்குச் சரி. 40 தடவை என்றால் கைக்கு 27 சிப்ஸ் லாபம்.

ஆனால் ஹார்ட் எத்தனை என்று எண்ணிவிடலாம், அவர் எத்தனை தடவை ஃபோல்ட் பண்ணுவார் என்று எண்ண முடியாது. அதற்கு அவர் ஆட்டத்தைக் கவனித்திருக்க வேண்டும். அவருக்கு செட் (ஒரே எண் கார்டு மூன்று) இருந்தால் நம் 35-ம் 25 பக்கம் இறங்கிவிடும், அப்போது ஃபோல்டும் வராது.

ராஜா ஜோடியைக் கடைசி வரை விடாமல் பிடித்திருப்பவரிடம் நான் கால்தான் பண்ணுவேன், ஏனென்றால் அந்த 61-ஐத் தருகிற ஆள் அவர்தான். பெரிய பெட் வந்தால் பின்வாங்குகிறவரிடம் தயங்காமல் ஆல்-இன்.

இதெல்லாம் 300 சிப்ஸுக்கான கணக்கு. ஆளுக்கு 1000 இருந்தால் இதே ஆல்-இன் தேற அவர் 100-க்கு 64 தடவை ஃபோல்ட் பண்ண வேண்டும், 150-க்காக அந்த ரிஸ்க் வேண்டாம். கால் பண்ணுகிறவருக்கோ அந்த 61 எடுப்பது அங்கே இன்னும் சுலபம்.