தகப்பனின் தொழில்: வியாபாரம்

கனடாவில் இருந்து ஊருக்கு வந்த இடத்தில், ஒரு பிறப்புப் பத்திரம் எடுக்கப்போய் ஒரு முழுக் காலை போன கதை இது. விமானம், வாகனம், மாமி வீட்டுச் சாப்பாடு எதிலும் குறையில்லை, அவற்றை விட்டுவிடுவோம்.

காணி அலுவல் ஒன்றுக்கு அப்பாவின் பிறப்பு அத்தாட்சி தேவைப்பட்டது. அப்பா 1951இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்தவர். பழைய பதிவு, புத்தகத்தில்தான் தேட வேண்டும் என்றார்கள். முதலாவது மேசையில் படிவம் தந்தார்கள். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க றோட்டுக்கு அங்காலே உள்ள கடைக்குப் போனால் கரண்ட் இல்லை. அரை மணித்தியாலம் நின்று எடுத்துக்கொண்டு வந்தால் முதலாவது மேசைக்காரர் தேத்தண்ணிக்குப் போய்விட்டார். இரண்டாவது மேசை, "அவர் வந்துதான் சைன் வைக்கவேணும்" என்றது. ரொறன்ரோவில் இதே அலுவலை இரவு 11 மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு முடிக்கலாம். காசை இணையத்திலேயே கட்டிவிட்டால் பத்திரம் தபாலில் வரும். ஆனால் அங்கே ஒருவரும் "நீங்கள் ஆற்ற பேரன்?" என்று கேட்பதில்லை.

இங்கே கேட்டார்கள். வாங்கில் பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார். அப்பப்பாவின் பெயரைச் சொன்னேன். "ஓ, தண்டையலின்ர பேரனோ!" என்று அவர் எழும்பியே விட்டார். தண்டையல் என்றால் கப்பலோட்டிகளின் தலைவர். அப்பப்பா எந்தக் காற்றுக்கு எப்படிப் பாய் இழுப்பார், நிலவில்லாத இரவில் தமிழ்நாட்டுக் கோடியக்கரையை எப்படிப் பிடிப்பார் என்றெல்லாம் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொல்லத் தொடங்கினார். "எத்தினை தரம் நேவிக்குச் சுழிச்சவர் தெரியுமோ!" நாலைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது.

எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. வல்வெட்டித்துறையில் இருந்து கோடியக்கரை 60 கிலோமீற்றர் சொச்சம்தான். கொழும்பு அதைவிடப் பல மடங்கு தூரம். ஒருகாலத்தில் எங்கள் கப்பல்கள் பர்மா வரைக்கும் அரிசிக்குப் போய்வந்தன. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. ரொறன்ரோவில் இருந்து காரோட்டிக்கொண்டு போய் அந்தத் துறைமுகத்தில் நின்று படம் எடுத்தவன் நான். பிள்ளைகளுக்கு அன்னபூரணிக் கதையை நூறு தரம் சொல்லியிருப்பேன். அதன் பிறகு வந்த கதையைச் சொன்னதில்லை. அங்காலே தங்கமும் மணிக்கூடும் போக, இங்காலே சேலையும் பீடியும் வந்த கதை அது. 1962-63இல் இந்தியா தங்கத்துக்குக் கட்டுப்பாடு போட, இந்தப் பக்கத்துக் கரைக்கு அதிர்ஷ்டம். 1970க்குப் பிறகு இலங்கை இறக்குமதியை இறுக்க, அதுவும் அதிர்ஷ்டம். முதல் போட ஒருவர், ஓட ஒருவர், கரையில் வெளிச்சம் காட்ட ஒருவர், லொறி பிடிக்க ஒருவர் என்று அந்தத் தொழிலில் இருந்த ஒழுங்கை நான் இன்று போன அலுவலகத்தில் காணவில்லை. 1983க்குப் பிறகு அதே வழியால் என்னென்ன போய்வந்தன என்பது தனிக் கதை.

மகள் சட்டம் படிக்கிறாள். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ பகிடியாக இதை அவிழ்த்துவிட, அவள் வீட்டுக்கு வந்து கேட்டாள்: "அப்பா, அப்ப பூட்டப்பா திட்டமிட்ட குற்றக் கும்பலில இருந்தவரோ?" நான் "சீ, வியாபாரம்" என்றேன்.

சரி, அலுவலகத்துக்கு வருவோம். 12 மணிக்கு முதலாவது மேசைக்காரர் வந்து கையெழுத்து வைத்தார். உள்ளே இருந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "புத்தகம் தேடவேணும், நாளைக்கு வாங்கோ அண்ணா" என்றாள். நாளைக்கு எனக்குப் பயணம். படிவத்துக்குள் 1000 ரூபாயை மடித்து வைத்து நீட்டினேன். யாரும் சொல்லித்தந்ததில்லை, கை தன்பாட்டில் செய்தது. கனடாவில் இருபத்திரண்டு வருடத்தில் ஒருதரம்கூடச் செய்யாத வேலை.

அவள் நோட்டை எடுத்துப் பார்த்தாள், திருப்பி மேசையில் வைத்தாள். "இது வேண்டாம் அண்ணா. பயணம் எண்டு சொல்லியிருந்தால் அப்பவே தேடியிருப்பனே." குரலில் கோபம்கூட இல்லை. இருபது நிமிடத்தில் ஒரு பெரிய கிழிந்த புத்தகத்தோடு வந்தாள். தகப்பனின் தொழில் என்ற இடத்தில் பழைய மைக் கையெழுத்தில் "வியாபாரம்". அதை வாசித்தவள் ஒருதரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், விளங்கியிருக்கும். வாங்கில் பெரியவர் இன்னும் அப்பப்பாவின் வீரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது.

திரும்பி வரும்போது ஓட்டோக்காரத் தம்பி, முதல்நாள் இரவு இந்தக் கரையில் கேரளக் கஞ்சாப் பொதிகள் பிடிபட்ட கதை சொன்னான். அகப்பட்டவர்களில் ஒருவன் மாமியின் ஒழுங்கைப் பொடியன். வீட்டுக்கு வந்து மாமியிடம் கேட்டேன். "குடியைக் கெடுக்கிற சனியனுகள், ஊரின்ர மானமே போச்சு" என்று பொரிந்தார்.

"உங்கட ஐயாவும் இதே கடலாலதானே மாமி?"

"விசர்க்கதை கதையாதை. அது சேலை."

"தங்கம்?"

"தங்கம் ஆரையும் கொல்லுமோ?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி என்றுதான் இப்போதும் படுகிறது. மற்றப் பாதியை மகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்த வீட்டின் கல்லும் சீமெந்தும் அந்தக் காசு, அப்பா கனடாவுக்கு ஏறிய காசும் அந்தக் காசுதான்.

பேச்சை மாற்ற, பத்திரம் எடுத்த கதையையும் அந்தப் பிள்ளை காசைத் திருப்பித் தந்ததையும் சொன்னேன். மாமி கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எவ்வளவு வைச்சனி?"

"ஆயிரம்."

"ஆயிரமோ! இப்ப ஒரு கொத்துரொட்டிக் காசு. ஐயா சுங்கத்தாருக்குக் காஞ்சிபுரம் சேலையெல்லோ குடுத்தவர், மனிசிக்கு எண்டு."