போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர்: திரும்பி வந்த கடிதங்களோடு 6 ஆண்டுகள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும் இன்னொரு தம்பியும்தான். வாடகை சர்வர் ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ் என்கிற மெயில் மென்பொருளைப் போட்டு, 40 பேருக்கு அஞ்சல் பெட்டி கொடுத்து 6 ஆண்டுகள் ஆகின்றன. வருகிற மெயிலில் பெரிய குறை ஒன்றும் இல்லை. போகிற மெயில்தான் படுத்தி எடுத்தது.

முதல் மாதமே புகார் வந்தது: அனுப்பிய அளவுப் பட்டியல் வாங்குநருக்குப் போய்ச் சேரவில்லை. திரும்பி வந்த கடிதத்தை, ஆங்கிலத்தில் நீளமாக இருக்கிறதே என்று அழித்துவிட்டிருந்தார்கள். குப்பையிலிருந்து மீட்டுப் பார்த்தால், எங்கள் ஐபி முகவரிக்குப் பெயர்ப் பதிவு இல்லை என்று எதிர்த்தரப்பு சர்வர் தெளிவாகவே எழுதியிருந்தது. அந்த பிடிஆர் பதிவைச் சேர்க்க, டொமைன் வாங்கிய தளத்தில் ஒரு நாள் முழுக்கத் துழாவினேன். அங்கே அது இருக்கவே இருக்காது. ஐபி யாருடையதோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும். சர்வர் வாடகைக்கு எடுத்த தளத்தில் ஒரே ஒரு கட்டம், நிரப்ப அரை நிமிடம்!

அன்றிலிருந்து, திரும்பி வரும் கடிதத்தை அழிக்காமல் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதில் முதலில் பார்ப்பது எதிர்த்தரப்பு சர்வர் தந்த பிழை எண்ணைத்தான். 4-இல் தொடங்கினால் 'பிறகு வா' என்று பொருள். போஸ்ட்ஃபிக்ஸ் தானே மறுபடி முயலும், நாம் கை வைக்க வேண்டியதில்லை. 5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு, அப்போதுதான் நமக்கு வேலை.

எங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவுதான் எஸ்பிஎஃப். அந்த விஷயத்தில் தவறு முழுக்க என்னுடையது. சம்பளப் பட்டியல் அனுப்பும் ஒரு சேவை, எங்கள் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் பொதுப் பதிவேடு) எஸ்பிஎஃப்புக்காக ஒரு வரி சேர்க்கச் சொன்னது. இருந்த வரிக்குக் கீழே இன்னொன்றாகச் சேர்த்துவிட்டேன். ஒரு டொமைனுக்கு ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த மெயிலும் ஸ்பேம் பெட்டிக்குள் விழத் தொடங்கியது. இரண்டையும் ஒரே வரியாக்கியதும் சரியானது. அந்த ஒரு வரிக்கும் வரம்பு உண்டு: அதைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் ஆகக் கூடாது. ஆளாளுக்கு 'எங்களையும் சேருங்கள்' என்று வந்தால் இந்தப் பத்து விரைவில் தீர்ந்துவிடும்.

மூன்றாம் ஆண்டு தீபாவளி விடுமுறையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. திரும்பி வந்து பார்த்தபோது, அனுப்பக் காத்திருக்கும் வரிசையான கியூவில் 20,000 கடிதங்களுக்கு மேல் நின்றன. கணக்குப் பிரிவில் ஒருவர் போலி உள்நுழைவுப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டிருந்தார், அதைத் திருடியவன் எங்கள் சர்வர் வழியாக ஸ்பேம் அனுப்பித் தள்ளியிருந்தான். ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் பட்டியலில் எங்கள் ஐபி ஏறிவிட்டது. பதற்றத்தில் முதலில் செய்தது பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பித்ததுதான். நீக்கினார்கள், மாலைக்குள் மறுபடி ஏற்றிவிட்டார்கள். கியூ இன்னும் ஓடிக்கொண்டிருந்ததே! பிறகுதான் ஒழுங்காகச் செய்தோம்: சர்வரின் நடவடிக்கைப் பதிவான லாகில் எந்தப் பயனர் என்று கண்டு பாஸ்வேர்டை மாற்றி, கியூவிலிருந்த குப்பையை அள்ளிக் கொட்டி, ஒரு நாள் பொறுத்து மீண்டும் விண்ணப்பம். ஸ்பாம்ஹாஸ் இதற்குக் காசு கேட்பதில்லை. பணம் கட்டினால் உடனே எடுக்கிறோம் என்கிற வேறு பட்டியல்களும் உண்டு. அவற்றுக்கு நாங்கள் ஒரு பைசா தரவில்லை.

போஸ்ட்ஃபிக்ஸிலேயே உள்ள வேகக் கட்டுப்பாடு, இணைகிற ஐபியை எண்ணுகிறதே தவிர ஆளை எண்ணுவதில்லை. திருடன் பல ஐபிகளிலிருந்து வந்தால் அது வெறும் அலங்காரம். ஓர் ஆளுக்கு மணிக்கு 100 கடிதம் என்று எண்ணித் தடுக்க, தனியாக ஒரு பாலிசி சேவையை (கடிதத்தை ஏற்கலாமா என்று போஸ்ட்ஃபிக்ஸ் கேட்டுக்கொள்ளும் துணை நிரல்) வைத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஜிமெயிலுக்குப் போகும் கடிதங்கள் சில நாட்கள் போவதும் சில நாட்கள் திரும்புவதுமாக இருந்தது வேறு கதை. சர்வர் சில நேரம் வழக்கமான ஐபிவி4-ஐ விட்டு, புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6 வழியாகப் போயிருக்கிறது. அந்த முகவரிக்கு பிடிஆர் இல்லை. ஐபிவி4 மட்டும் போதும் என்று ஒரு வரியை மாற்றினேன், தீர்ந்தது.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கியபோது நாங்கள் பதறவில்லை. மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குத்தான் (கூகுள் கணக்கில், ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000 கடிதம்) எஸ்பிஎஃப், டிகிம் (கடிதத்தில் டொமைன் இடும் மின்கையெழுத்து), டிமார்க் (இவ்விரண்டில் ஒன்றிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுகிற சர்வருக்குச் சொல்லும் பதிவு) மூன்றும் கட்டாயம். ஆனாலும் மூன்றையும் போட்டிருந்தோம். டிமார்க்கை எதையும் தடுக்காத நிலையில் வைத்து, பெறுகிற சர்வர்கள் அனுப்பும் அறிக்கைகளைப் படித்ததில் ஒன்று தெரிந்தது: எங்கள் பில்லிங் மென்பொருள் எங்களுக்கே தெரியாமல் தன் சர்வரிலிருந்து எங்கள் பெயரில் அனுப்பிக்கொண்டிருந்தது, டிகிம் கையெழுத்தே இல்லாமல்.

மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேனா? தினமும் லாக் படிக்க ஆள் இருந்தால் மட்டும். எங்கள் மேலாளர், காசு கொடுத்து அனுப்பும் ரிலே சேவை ஒன்றுக்கு மாறலாமே என்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்பார். விலைப்பட்டியல் மொத்தமாக அனுப்பும் வேலையைச் சென்ற ஆண்டு அதற்கு, தனித் துணை டொமைனில், மாற்றிவிட்டேன். மீதியை இன்னும் விட மனம் வரவில்லை.