ரூட் கேனால் செய்த பல் மறுபடி சீழ் கட்டினால்: காப்பாற்றுவதா, எடுப்பதா?

கேப் போட்டு ஐந்தாறு வருஷம் நன்றாக உழைத்த கடைவாய்ப்பல்லின் ஓரத்தில், ஒருநாள் ஈறில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கொப்புளம் எழும். அழுத்தினால் கொஞ்சம் சீழ் வரும், வாயில் ஒரு கெட்ட ருசி. வலி பெரிதாக இருக்காது, அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். சீழ் வெளியேற வழி கிடைத்துவிட்டதால் உள்ளே அழுத்தம் ஏறவில்லை, அவ்வளவுதான். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் இதைக் கொஞ்ச நாள் அமுக்கும். ஆனால் வேர்க் குழாய்க்குள் ரத்த ஓட்டமே கிடையாது. கிருமி இருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேராததால் கொப்புளம் திரும்ப வரும்.

"ஏற்கெனவே ரூட் கேனால் பண்ணின பல்தானே, எடுத்துட்டு இம்ப்ளான்ட் (எலும்பில் திருகு பதித்து அதன்மேல் வைக்கும் செயற்கைப் பல்) போட்டுக்கலாம்" என்ற ஆலோசனை சுலபமாகக் கிடைக்கும். உடனே தலையாட்ட வேண்டாம். முதல் சிகிச்சை ஏன் தோற்றது என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் எலும்பு கரைந்த இடமாகத் தெரியும் கறுப்பு வட்டத்தின் அளவை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. பெரிய வட்டமும் ஆறும். நெடுக்காக விரிசல் விட்ட வேர்தான் ஆறாது.

அந்த விரிசலைப் பிடிக்க, மில்லிமீட்டர் குறி போட்ட மெல்லிய கம்பியை ஈறு ஓரமாக விட்டுப் பல்லைச் சுற்றி அளப்பார்கள். எல்லா இடத்திலும் 2, 3 மி.மீ. இறங்கும் கம்பி, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் 8 மி.மீ. சரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. 3டி ஸ்கேன் எடுத்தாலும் விரிசல் நேராகத் தெரியாமல் போகலாம். வேருக்குள் இருக்கும் அடைப்புப் பொருளும், கேப்பைத் தாங்க வேருக்குள் செருகிய உலோகப் பின்னும் (போஸ்ட்) படத்தில் கோடு கோடாகச் சிதறும். பக்கத்து எலும்பு எப்படிக் கரைந்திருக்கிறது என்பதே அங்கே துப்பு. விரிசல் உறுதியானால் ஒற்றை வேர்ப் பல்லை எடுத்துவிடுவதுதான் சரி, தள்ளிப்போட்டால் எலும்பு வீணாகும்.

விரிசல் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: விட்டுப்போன குழாய், நுனிவரை போகாத அடைப்பு, கேப் ஓரத்தில் எச்சில் கசிவு. மேல் தாடை முதல் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்க முன்வேரில் இரண்டாவதாக ஒரு நுண்குழாய் பெரும்பாலானோருக்கு உண்டு. நுண்ணோக்கி இல்லாமல் அதைத் தவறவிடுவது சாதாரணம். இந்த மூன்றுக்குமே மறு சிகிச்சை உண்டு.

மறு சிகிச்சைக்குப் பணம் பேசுவதற்கு முன் பழைய கேப்பையும் சொத்தையையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈறுக்கு மேல் சுற்றிலும் சுமார் 2 மி.மீ. உயரத்துக்கு உறுதியான சொந்தப் பல் மிஞ்சியிருந்தால்தான் புதுக் கேப் நிற்கும். அது இல்லாத பல்லில் வேரை எவ்வளவு அழகாக அடைத்தாலும் சில வருஷத்தில் கேப்போடு கையில் வந்துவிடும். முழுப் பணமும் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதுதான் ரொம்பக் கொடுமை.

வேலை இப்படிப் போகும்: பல்லை மட்டும் விட்டு வாயை மூடும் ரப்பர் டாம், பழைய அடைப்பை ஃபைல் என்னும் மெல்லிய அரத்தால் சுரண்டி எடுப்பது, கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் நன்றாகக் கழுவுவது, ஓரிரு வாரம் குழாய்க்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து, பிறகு புது அடைப்பு, தாமதிக்காமல் கேப். ரப்பர் டாம் போடாமல் செய்தால் உள்ளே எச்சில் போகும், கழுவியதற்கு அர்த்தமே இல்லை. வேருக்குள் கழற்ற முடியாத உறுதியான உலோகப் பின் இருந்தால், ஈறைத் திறந்து வேர் நுனியில் 3 மி.மீ. வெட்டி அடியிலிருந்து அடைக்கும் அறுவை சிகிச்சை நல்ல வழி. சென்னையில் பிராட்வே பக்கம் முத்துசாமி சாலையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் இதற்குக் காட்டலாம். பல தடவை அலைய வேண்டியிருக்கும், அதற்கு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இம்ப்ளான்ட் மோசமான தேர்வு அல்ல, ஆனால் வாயில் வேறு மாதிரி இருக்கும். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி அழுத்தத்தை உணரும் மெல்லிய நார் இருக்கிறது. டைட்டானியம் திருகு எலும்போடு நேராக ஒட்டிவிடுவதால் நல்லி எலும்பைக் கடிக்கும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்பது சரியாகத் தெரியாது. இடுக்கில் கறி நாரும் கீரையும் தங்கும், கேப்பைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளரலாம். பல்லை எடுத்ததிலிருந்து கேப் வரை பல மாதம் ஆகும். மேல் தாடையில் எலும்பு போதாவிட்டால் சைனஸ் அடியில் எலும்புத்தூள் வைக்க வேண்டிவரும். புகையிலை கலந்த மாவா போடுபவர்களுக்கும், சிகரெட் விடாதவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு கூடும். பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்து நடுவில் நிறுத்தும் செயற்கைப் பல்) என்றால் இருபக்கமும் நல்ல பல்லை ராவ வேண்டும். பக்கத்துப் பற்களுக்கு ஏற்கெனவே கேப் தேவைப்பட்டால் மட்டும் அதை யோசிக்கலாம்.

மறு சிகிச்சை செய்த பல்லுக்கு 6 மாதத்திலும் ஒரு வருஷத்திலும் அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். கறுப்பு வட்டம் சுருங்கிக்கொண்டிருந்தால் பொறுக்கலாம். முழுதாக ஆற 4 வருஷம்கூட ஆகும். வட்டம் வளர்ந்தாலோ கொப்புளம் திரும்பினாலோ காத்திருக்க வேண்டாம். கேப்புக்கு அடியில் புதுச் சொத்தை வந்தாலும் அந்தப் பல் வலித்துச் சொல்லாது, எக்ஸ்ரேதான் சொல்லும்.