எம்.சி. ரோடு பக்கத்து டிபன் கடை: எட்டரைக்கு முன் போங்க

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை ஷட்டர்கள் ஏறுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அப்புறம் பைக் நிறுத்த இடம் கிடைக்காது. மெட்ரோ என்றால் தியாகராயா கல்லூரி நிலையம்.

நண்பரோடு போனால் ஆளுக்கொரு பொங்கல் வேண்டாம். ஒரு பொங்கல், ஒரு செட் இட்லி, வடகறி என்று பங்கு போட்டால் ரோஸ்ட்டுக்கு வயிற்றில் இடமிருக்கும்.

பொங்கல்தான் இங்கே விசேஷம். அரிசியில் பாதி அளவு பாசிப்பருப்பு, வாசம் வர வறுத்துப் போட்டது. கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழியும் பதம். மிளகு நெய்யில் பொரிந்து பல்லில் நறுக்கென்று கடிபடும். நேரமாக ஆக இறுகிவிடும். வெந்நீர் ஊற்றி இளக்குவார்கள், உப்பும் நெய்யும் மட்டுப்படும். அதனால்தான் எட்டரைக் கணக்கு.

வடகறிக்குக் கடலைப்பருப்பை அரைத்து ஆவியில் வேகவைத்து உதிர்க்கிறார்கள், பொரிப்பதில்லை. எண்ணெய் மிதக்காது. ஆனால் அடிப்பாத்திரத்தில் எல்லாம் கரைந்து கூழாகிவிடும். துண்டு துண்டாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

மெதுவடை சுமார். மாவில் தண்ணீர் தூக்கல், எண்ணெய் குடிக்கிறது. அந்தக் காசுக்கு இன்னொரு காபி குடிக்கலாம். முதல் டிகாஷனா என்று கேட்டுவிட்டு டோக்கன் வாங்குங்கள். இரண்டாவதில் கசப்புதான் மிச்சம்.